நாலாம் நம்பர் கிரேனில் இரண்டு பேர்

1

இந்தக் கதை, திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பக்கத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்தபின் தெரியவந்தால் உங்களுக்குக் கோபம் வரும்.

நான் அறிக்கை எழுதிப் பிழைப்பவள். ஆஸ்பத்திரிகள், சிமென்ட் ஆலைகள், குடிநீர் வாரியங்கள் ஆண்டு முழுக்க என்ன செய்தார்கள் என்பதை அவர்களே நம்பும்படி எழுதிக் கொடுப்பது என் தொழில். இந்த வருடம் எங்கள் ஊர்த் துறைமுகம் கூப்பிட்டது. ‘பசுமை அறிக்கை’ வேண்டுமாம். பழக்கத்துக்காக மற்ற துறைமுகங்களின் அறிக்கைகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். காற்று, எரிசக்தி, இரைச்சல், கடல்நீர், அக்கம்பக்கத்து மக்களோடு உறவு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே தலைப்புகள், வரிசை மட்டும் மாறியிருந்தது. எங்கள் துறைமுகமும் விலக்கல்ல. எழுதிக்கொண்டே போனேன். கையும் வலிக்கவில்லை, மனசும் வலிக்கவில்லை.

கடைசியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. செய்தித் தொடர்பு அதிகாரி அதற்கு ‘மனித முகம்’ என்று தலைப்பு வைத்திருந்தார்.

“யாராவது ஒரு தொழிலாளியப் பத்தி எழுதுங்க மேடம். மாற்றத்தோட கூடவே மாறினவங்க. ஆனா படிக்கிறவங்கள அழவெச்சுடாதீங்க.”

“என் அக்காவும் அத்தானும் இங்கதான் கிரேன் ஓட்டுறாங்க,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியை நம்பித்தான் நான் ஆரம்பித்தேன்.

2

முதல் முயற்சி:

‘கடல் விழிக்கும் முன்பே அவள் விழித்து—’

(வேண்டாம். கடல் எப்போது தூங்கியது? தூங்குவது அக்காதான். அதுவும் நன்றாக.)

இரண்டாவது முயற்சி:

‘இரும்பு ஒட்டகச்சிவிங்கிகளைப் போல் நிற்கும் கிரேன்களின்—’

(இதை உலகத்தில் எல்லாரும் எழுதியாகிவிட்டது.)

மூன்றாவது:

‘இருபது வருடங்களுக்கும் மேலாக வானத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண், கடைசி முறையாகக் கீழே பார்த்தாள். காலடியில் கண்ணாடித் தரை. அதற்குக் கீழே கப்பல். இனி இந்தக் கூண்டுக்குள் மனிதர் யாரும் உட்காரப் போவதில்லை. தூரத்து அறையொன்றில் திரைக்கு முன்னால் அமர்ந்து இந்தக் கிரேனை ஓட்டுவார்கள். அவள் கண்களில்—’

இது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவிடம் எடுத்துப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் துணியை மொட்டை மாடியில் உலர்த்தினால் கரித்தூள் படிந்துவிடும். நிற்கும் கப்பல்களின் புகை. அதனால் எல்லார் வீட்டிலும் கூடத்தில்தான் கொடி. அக்கா ஒரு தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

“யாருடி இவ?”

“நீதான்.”

“நான் ஏன் அழறேன்?”

“கடைசித் தடவை இறங்கப் போறியே. அந்தக் கேபின், அந்த வானம்…”

அக்கா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “இங்க பாரு. மேல ஏறிட்டா நடுவுல இறங்க முடியாது. இறங்கி ஏறுறதுக்குள்ள கப்பல் காத்துக் கெடக்கும், கீழ லாரி வரிசை கட்டி நிக்கும். அதனால நான் வேலைக்கு சேந்த நாள்லேர்ந்து ஷிஃப்டுக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறதே இல்ல. ரெண்டு தடவ சிறுநீர்ல கிருமி வந்து படுத்தேன், உனக்கே தெரியும். புது கன்ட்ரோல் ரூம் இருக்கே, கதவத் தொறந்து இடது பக்கம் திரும்பினா பாத்ரூம். நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். நீ வானம்ங்கிற.”

தலையணை உறையை உதறி மடித்தாள்.

“என் மேசையில தண்ணி பாட்டில் வெச்சுக்குவேன். பெரிய பாட்டில். வேணும்னா அத எழுது.”

எழுதிவிட்டேன்.

3

அக்காவைச் சந்தித்துவிட்டீர்கள். இப்போது அத்தான்.

இவரைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம். கதையில் ரொம்ப நல்லவர் ஒருவர் வந்தால் வாசகர் சந்தேகப்படுவார். அதனால் அத்தானின் குறைகளை முதலில் தேடினேன். கேபினுக்குள் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தோலை இடுக்கில் செருகி வைப்பார். ஒரு பாட்டின் முதல் வரியை மட்டும் நாள் முழுக்க முனகுவார், இரண்டாவது வரி தெரியாது. உடம்புக்கு என்ன வந்தாலும் சொல்ல மாட்டார். இந்த மூன்றாவது குறைதான் பின்னால் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது. மற்ற இரண்டும் சும்மா.

இருவரும் ஒரே கிரேன். நாலாம் நம்பர். ஷிஃப்ட் மட்டும் வேறு வேறு. அவர் இறங்கும்போது இவள் ஏறுவாள், இவள் இறங்கும்போது அவர் ஏறுவார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. ஒருவர் விட்டுப்போன இருக்கையில் இன்னொருவர் உட்காருவது. அத்தான் உயரம், அக்கா குள்ளம். தினமும் அவர் இருக்கையை இறக்கி வைத்துவிட்டுப் போவார், இவள் திட்டிக்கொண்டே ஏற்றுவாள். ஒருநாள் வந்து உட்கார்ந்தபோது இருக்கை சரியாக அவள் உயரத்துக்கு இருந்ததாம். “அன்னிக்கே புரிஞ்சுபோச்சு,” என்பாள் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடியும் இறக்கி வைக்க ஆரம்பித்துவிட்டார்.*

துறைமுகத்தில் இருவருக்குமே பெயர் ‘நாலு’தான். வயர்லெஸ்ஸில் “நாலு, அடுத்த பெட்டி” என்றால் யார் மேலே இருக்கிறாரோ அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில். ஆகவே அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டதெல்லாம் ஷிஃப்ட் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில், கேபினில், ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும். குழாய் ஒழுகுகிறது. மகளுக்குக் காய்ச்சல். உங்கள் தம்பி வந்திருந்தான். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, பெட்டி ஆடும், பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூரில் படிக்கிற மகள் சொல்வாள்: “எங்க வீட்டுல குடும்ப மீட்டிங் எல்லாம் ஆகாசத்துலதான் நடக்கும்.”

* அத்தான் இதைப் படித்துவிட்டு, “கல்யாணத்துக்கு முன்னாடியும் அது தானா நின்ன உயரம்தான்,” என்றார். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

4

போன வருடக் கடைசியில் செயல்பாட்டு மேலாளர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். கண்டிப்பான பெண்மணி, ஆனால் யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார்.

விஷயம் இதுதான். கிரேன்களை இனி கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓட்டுவார்கள். பாதி வேலையைக் கணினியே செய்துவிடும். முன்பு ஒரு கிரேனுக்கு ஷிஃப்டுக்கு ஒருவர் தேவைப்பட்டார், இனி அவ்வளவு பேர் வேண்டாம். அதே சமயம் இன்னொரு புது வேலை வருகிறது. கப்பல்கள் கரையில் நிற்கும்போது தங்கள் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. புகையும் இரைச்சலும் அதனால்தான். இனி கரையிலிருந்து கேபிள் கொடுத்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லப் போகிறார்கள். அந்தக் கேபிளைக் கப்பலோடு இணைக்க ஆள் வேண்டும்.

“யாரையும் வீட்டுக்கு அனுப்பல,” என்றார் மேலாளர். “ஆனா நாலாம் நம்பர் ஆட்கள்ல ஒருத்தருக்குத்தான் கன்ட்ரோல் ரூம்ல இடம். இன்னொருத்தருக்குக் கேபிள் பிரிவு. ரெண்டு பேரும் பரீட்சை எழுதுங்க.”

அக்கா அத்தானைப் பார்த்தாள். அவருக்கு வெளிக்காற்று பிடிக்கும், கேபிள் பிரிவுக்குச் சந்தோஷமாகப் போவார் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ஒரு முழுப் பத்தி. அதை இப்போது தூக்கவேண்டியதாயிற்று, ஏனென்றால் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“எனக்கும் அந்த அறைதான் வேணும் மேடம்.”

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். “என்னங்க இது? ஒரு வார்த்தை சொல்லலையே.”

“கழுத்து. குனிஞ்சு குனிஞ்சு பாத்து எலும்பு தேஞ்சுபோச்சாம். டாக்டரப் பாத்தேன்.”

“எப்ப?”

“மழைக்கு முன்னாடி.”

“எந்த மழைக்கு?”

அக்கா வீடு வரை அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மறுநாள் போய்ப் புதுத் தலையணை வாங்கி வந்தாள், கழுத்து வலிக்காரர்களுக்கென்று விற்பது.

[இங்கே ஒரு சபலம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். பரீட்சையில் அவளுக்காக அவர் வேண்டுமென்றே தோற்க, அவருக்காக அவளும் வேண்டுமென்றே தோற்க, இரண்டு பேரும்— அழகான முடிவுதான். ஆனால் நடந்தது அதுவல்ல. இரண்டு பேருமே ஜெயிக்கத்தான் எழுதினார்கள். சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் பார்க்காமல் ஒருவர் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலப் படித்தார்கள். கோபமில்லை. டீ போட்டால் இரண்டு டம்ளர்தான். ஆனால் புத்தகம் மட்டும் மூடியிருக்கும். எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஒருவரை நேசிப்பதற்காக நாற்காலியை ஆசைப்படாமல் இருக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்?]

இருவரும் தேறினார்கள்.

5

இனி வருவதுதான் திருப்பி அனுப்பப்பட்ட பகுதி.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வாரம் இருவரும் இரண்டு வேலையையும் செய்து பார்க்கட்டும் என்றார் மேலாளர். அன்று அக்கா கன்ட்ரோல் ரூமில் நாலாம் நம்பரை ஓட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கரையில் கேபிள் பிரிவோடு நின்றிருந்தார். நான் அக்காவுக்குப் பின்னால், பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

லாரிகளில் வரும் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைக்கும் வேலை. பெட்டியை லாரியோடு நான்கு மூலையிலும் பூட்டி வைத்திருப்பார்கள். தூக்குவதற்கு முன்பு நான்கையும் திறந்துவிட வேண்டும். அந்த லாரியில் ஒரு பூட்டு திறந்ததுபோல் தெரிந்தது, ஆனால் துருப்பிடித்து உள்ளே சிக்கியிருந்தது. யார் மேலும் தப்பில்லை. அக்கா தூக்கினாள். பெட்டியோடு சேர்ந்து லாரியின் பின்பக்கமும் எழுந்தது. முன்பக்கத்தில் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

திரை சிவந்தது. கிரேன் தானாக நின்றது.

இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்தியது அக்கா அல்ல, இயந்திரம். அவள் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் அது நிறுத்திவிட்டது. இயந்திரத்தை மனிதர் வென்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்காததை எப்படி எழுதுவேன்?

ஆனால் நிறுத்தியதோடு அதன் வேலை முடிந்தது. லாரி சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இனி மனிதர்தான் இறக்க வேண்டும். அக்காவின் திரையில் மூன்று கோணங்கள் தெரிந்தன, எந்த மூலை சிக்கியிருக்கிறது என்பது எதிலும் தெரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தார். குதித்தால் லாரி எந்தப் பக்கம் சரியும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மூன்று கோணங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அப்போது வயர்லெஸ்ஸில் அத்தான் குரல்.

“நாலு. நான் கீழ இருக்கேன்.”

அக்கா மூச்சை விட்டாள். “சொல்லுங்க.”

“டிரைவர் என்னப் பாத்துட்டாரு. உக்காரச் சொல்லிட்டேன், கதவ மூடிட்டாரு. இடது பின்மூலைதான் சிக்கியிருக்கு. நான் தள்ளி நிக்கிறேன், எனக்கு நல்லாத் தெரியுது. நீ அவசரப்படாத.”

“காத்து?”

“இல்ல. கொஞ்சம் இறக்கு. இன்னும். நிறுத்து. ஆடட்டும், அடங்கட்டும்.”

மேலாளர் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, எதையும் தொடாமல் நின்றார்.

“அடங்கிடுச்சு. இப்ப இறக்கு. சக்கரம் தரையத் தொட்டுடுச்சு. இன்னும் துளி. அவ்வளவுதான். நின்னுடுச்சு. ஆளு இறங்கிட்டாரு.”

திரையின் ஓரத்தில் டிரைவர் ஓடி வந்து அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. பிறகு இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா வயர்லெஸ்ஸை எடுத்து, “சாப்டீங்களா?” என்றாள். துறைமுகம் முழுக்க அது கேட்டது.

“இன்னும் இல்ல,” என்றார் அத்தான்.

இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்தது அதுதான் முதல் தடவை. நான் இதை மூச்சுவிடாமல் எழுதி அனுப்பினேன். செய்தித் தொடர்பு அதிகாரி மறுநாளே கூப்பிட்டார்.

“ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா இந்த அறிக்கையில விபத்து வேண்டாமே.”

“விபத்து நடக்கலையே சார்.”

“நடக்காத விபத்தும் வேண்டாம்.”

அவர் கெட்டவரல்ல. அந்தப் பக்கத்தில் இப்போது சூரியத் தகடுகளின் படம் இருக்கிறது, மேகமில்லாத நாளில் எடுத்தது.

6

லாரி தொங்கிய அன்று சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“மேல உக்காந்திருந்தா சீட்டுலயே தெரிஞ்சிருக்கும். கனம் வித்தியாசமா இழுக்கும்.”

அக்கா நிமிரவில்லை. “தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சு நான் நிறுத்துறதுக்குள்ள வண்டி இன்னும் ஒரு முழம் ஏறியிருக்கும். அந்த மெஷின் நிறுத்திச்சு, ஆளு வீட்டுக்குப் போயிட்டாரு. எனக்கு அது போதும்.”

“நான் குறையா சொல்லல.”

“எனக்குத் தெரியும்.” அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஆனா அந்த ரூமுல உக்காந்திருந்தா கை கால் இல்லாத மாதிரி இருந்துச்சுங்க. நீங்க பேசின பெறகுதான் வந்துச்சு,” என்றாள்.

அத்தான் தட்டில் விரலால் கோடு கிழித்தார். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து ஒரு கப்பலுக்குக் கேபிள் குடுத்தோம். தூக்கவெல்லாம் வேண்டாம், அதுக்கு ஒரு கை மாதிரி மெஷின் இருக்கு. நாம பாத்து செருகணும், அவ்வளவுதான். செருகினதும் கப்பல்காரன் எஞ்சின நிறுத்தினான். திடீர்னு தண்ணி சுவத்துல மோதுற சத்தம் கேட்டுச்சு. இத்தன வருஷம் அங்க வேல பாத்திருக்கேன், கடல் சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. சொன்னேன்.”

“எனக்காக விட்டுக்கொடுக்கிற மாதிரி எதையாவது பேசினீங்க, பாருங்க.”

“விட்டுக்கொடுக்கல. எனக்கு என்ன வேணும்னே இப்ப தெரியல.”

“எனக்கும்தான்,” என்றாள் அக்கா.

மேலாளர் முடிவை அவர்களிடமே விட்டிருந்தார். “நான் எடுத்தா ஒருத்தர் என்னத் திட்டுவீங்க, நீங்க எடுத்தா பேசித் தீத்துக்குவீங்க,” என்றிருந்தார். ஆனால் இவர்களுக்கு வீட்டில் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. இரண்டு மூன்று நாள் முயன்று பார்த்தார்கள். ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவர் எழுந்து அடுப்பைத் துடைப்பார், அல்லது மகளுக்கு போன் போடுவார்.

கடைசியில் அத்தான்தான் போய் மேலாளரிடம் கேட்டார். நாலாம் நம்பரில் இன்னும் சில கேமராக்கள் பொருத்துவதற்காக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். “கொஞ்ச நேரம் மேல போயிட்டு வரலாமா மேடம்? பேசறதுக்கு.” மேலாளர் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஹெல்மெட் போட்டுக்குங்க,” என்று மட்டும் சொன்னார்.

7

நான் கீழே நின்றேன். லிஃப்ட் அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பாலம் போன்ற அந்த நீள இரும்பில் இரண்டு மஞ்சள் ஹெல்மெட்டுகள் முன்னும் பின்னுமாகப் போவது தெரிந்தது. கேபினுக்குள் போனதும் கண்ணாடியில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை.

எழுத்தாளர் என்றால் உள்ளே புகுந்துவிடலாம். சுவர், கண்ணாடி, உயரம் எதுவும் தடையில்லை. அவர்கள் பேசியதை வரிவரியாக எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை.

முதல் வடிவத்தில் அக்கா அறைக்குப் போகிறாள், அத்தான் கேபிளுக்கு. கழுத்தை நிமிர்த்திக் கடலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார், வலி குறைகிறது. (மருத்துவர்கள் சிரிப்பார்கள்.)

இரண்டாவதில் அத்தான் அறைக்கு. அக்கா கரையில், தெருவுக்கு நெருக்கமாக. ஒவ்வொரு கப்பலுக்கும் கேபிள் செருகும்போது, இன்றைக்கு மாடியில் துணி காயும் என்று நினைத்துக்கொள்கிறாள். கரையில் கழிப்பறை இருக்கிறதா என்று நான் விசாரித்தேன். இருக்கிறது, கொஞ்சம் நடக்க வேண்டும்.

மூன்றாவதில் இருவரும் ஒன்றும் முடிவு செய்யாமல், ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு— இதை முடிக்கவில்லை.

மூன்றும் பொய். மூன்றையும் கிழித்துவிட்டேன். உங்களுக்குத் தெரியவேண்டுமே என்பதற்காகத்தான் இங்கே ஒட்டியிருக்கிறேன்.

அவர்கள் இறங்கி வர ரொம்ப நேரமாயிற்று. லிஃப்ட் கதவு திறந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“முடிவு பண்ணியாச்சா?” என்றேன்.

“ஆச்சு.”

“யாருக்கு அறை?”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்றேன். ஆனா எழுதக் கூடாது.”

“ஏன்க்கா? கதையே அதுதானே.”

“அவரு ஒரு காரணம் சொன்னாருடி. முடிவ எழுதினா காரணத்தையும் எழுதணும். காரணம் எங்களுது.”

அத்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது சிவந்துவிட்டது. அந்த வயதில் ஒரு மனிதருக்குக் காது சிவக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா என் காதில் சொன்னாள். முடிவை மட்டும். காரணத்தைச் சொல்லவில்லை.

ஆகவே எனக்குப் பாதி தெரியும், அதையும் எழுதக் கூடாது. மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யாரை அறையில் உட்கார வைத்தாலும் சரி, யாரைக் கரையில் நிறுத்தினாலும் சரி. அத்தான் கேபினுக்குள் காது சிவக்கும்படி என்ன சொல்லியிருப்பார் என்பதைக் கண்டுபிடித்தீர்களானால் முடிவு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் இன்னும் சுலபம்.

உங்கள் முடிவு சரிதானா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேரே அவர்கள் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். புது ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட். சாயங்காலம் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள். கதவை மட்டும் பலமாகத் தட்டுங்கள். உள்ளே இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், மெதுவாகத் தட்டினால் காதில் விழாது.